மாமா எழுதிவைத்த சொல்

ஜூன் 2, 2024, ஞாயிறு

தென்காசியிலிருந்து மாலை ஐந்தரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் வடிவு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டை வரும்வரை நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். மாமா, அதாவது வடிவின் அப்பா, இறந்து இன்றோடு பத்தொன்பது நாள். காலையில் வடிவின் அண்ணன், மச்சான் கல்யாணசுந்தரம், பீரோவைத் திறந்து, அரக்கு வைத்து ஒட்டிய காக்கி உறையை எடுத்தார். உள்ளே உயில். நான்கு பக்கம், மாமாவின் கையெழுத்தில், ஆங்கிலத்தில். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் சிரஸ்தாராக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவர். வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லி எழுதுகிற சீட்டுகூட ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் பக்கத்தின் தலையிலேயே, இதை என் மருமகன் பிரமநாயகம் மட்டும்தான் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும் என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்.

“பாத்தீங்களா மாப்ளே, அப்பாவுக்கு உங்க மேலதான் நம்பிக்கை. டிக்சனரி போடுத ஆளு வீட்லயே இருக்கும்போது வக்கீல் என்னத்துக்கு?” என்றார் மச்சான்.

ஒவ்வொரு பத்தியாகப் படித்துச் சொன்னேன். வீடு மச்சானுக்கு. செங்கோட்டைப் பக்கத்து வயல் பாதிப் பாதி. அத்தையின் நகைகள் வடிவுக்கு. யாருக்கும் எதிலும் வருத்தமில்லை. ஏழாவது பத்தி வந்தது.

அதில் ஒரு சொல். இஷ்யூ. நாம் எல்லோரும் தினமும் சொல்வதுதான். நெட்வொர்க் இஷ்யூ, கேஸ் கனெக்‌ஷனில் இஷ்யூ, ஒரு இஷ்யூவும் இல்லை. அந்தச் சொல்லை மட்டும் தொடாமல் மற்றதைத் தமிழில் வைத்தால் பத்தி இப்படி இருக்கும்:

“என் மகள் சங்கரவடிவின் இஷ்யூ 1991-ஆம் வருஷமே, என் பொறுப்பில், கொடைரோடு கன்னியாஸ்திரீகள் மூலமாக, நல்லவர் கைகளில் செட்டில் செய்யப்பட்டுவிட்டது. மேற்படி இஷ்யூ என்றைக்காவது என் வீட்டு வாசலுக்கு வந்தால், என் மக்கள் அதை அன்போடு நடத்த வேண்டும்.”

நான் வேகமாகப் படித்துக்கொண்டு போனவன், “வடிவோட பிரச்சினை தொண்ணூத்தொண்ணுலயே தீந்துபோச்சுன்னு எழுதியிருக்காரு” என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கண் இரண்டாவது வாக்கியத்துக்குப் போனது. நாக்கு நின்றுவிட்டது.

“ஏன் மாப்ளே நிறுத்திட்டீங்க?”

“ஒண்ணுமில்ல. எழுத்து புரியலை.”

“தொண்ணூத்தொண்ணுல நான் பம்பாய்ல இருந்தேன். ஹாஸ்டல்ல ஏதோ தகராறுன்னு இவ படிப்பப் பாதில விட்டுட்டு வந்தா. அதுவாத்தான் இருக்கும். அதப் போயி உயில்ல எழுதணுமா இந்த மனுஷன்?” என்று சிரித்தார் மச்சான்.

நான் இரண்டாவது வாக்கியத்தைப் படிக்காமலேயே எட்டாவது பத்திக்குத் தாண்டினேன். வடிவு காப்பித் தட்டோடு அடுக்களை நிலையில் நின்றுகொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். உட்கார்ந்து முந்தானையால் தரையைத் துடைத்தாள். தரையில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

மச்சான் ஒரு ஜெராக்ஸ் கொடுத்து, சாவகாசமாகத் தமிழில் சுத்தமாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 3, திங்கள்

தண்ணீர் வரவில்லை. மோட்டார் போட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். அகராதி வேலை இரண்டு சொல்கூட நகரவில்லை. சர்க்கரை பார்க்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. தெரு முழுக்க டி.வி. சத்தம், வெடிச் சத்தம். எதிர்வீட்டுக்காரர் வந்து, “சார், யாரு ஜெயிக்கா தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 5, புதன்

இன்று அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான எங்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதியின் முதல் பதிப்பில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இந்தச் சொல்லை எழுதியவன் நான்தான். ஏழு பொருள் போட்டிருக்கிறேன். பத்திரிகையின் ஒரு இதழ். ரேஷன் கார்டையோ காசோலைப் புத்தகத்தையோ வழங்குவது. பங்குகளை வெளியிடுவது. சிவில் வழக்கில் நீதிபதி வகுத்துக்கொள்ளும் எழுவினா. பழைய வைத்தியப் புத்தகங்களில் உதிரப்போக்கு. ஆறாவதைப் பிறகு எழுதுகிறேன். ஏழாவது, பிரச்சினை.

மூலம் லத்தீன். வெளியே போவதைக் குறிக்கும் ஒரு வினைச்சொல். அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. உள்ளே இருந்து வெளியே வருவது எதுவானாலும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். அச்சகத்திலிருந்து இதழ் வருகிறது. உடம்பிலிருந்து ரத்தம் வருகிறது.

மாமாவின் பத்தியில் ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்தேன். எழுவினா பொருந்தவில்லை, வடிவு பெயரில் எந்த வழக்கும் கிடையாது. பிரச்சினை பொருந்தும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். ஆனால் சொந்த வாழ்க்கைச் சிக்கலைக் குறிக்கும் அந்தப் பொருள் இந்தச் சொல்லுக்கு நேற்று வந்தது. மாமா கோர்ட்டில் கற்ற ஆங்கிலத்தில் அது கிடையாது. அவர் பிரச்சினை என்று எழுத நினைத்திருந்தால் வேறு பத்துச் சொல் வைத்திருப்பார்.

ஆறாவது பொருள்: சந்ததி, பெற்ற பிள்ளை. சட்டத்தில் மட்டும் வருவது. பிள்ளையில்லாமல் இறந்தார் என்பதை வக்கீல்கள் ‘இஷ்யூ இல்லாமல்’ என்றுதான் எழுதுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் மாமா போன் செய்தார். “மாப்ளே, உங்க புஸ்தகத்துல இஷ்யூக்கு எத்தனை அர்த்தம் போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். வயதானவருக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்து ஏழையும் படித்தேன். ஆறாவதைப் படித்ததும், “ம். அது இருக்குல்லா. சரி, வைக்கேன்” என்றார். ஏழாவதை அவர் கேட்கவே இல்லை.

ஆக, எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

ஜூன் 6, வியாழன்

இன்று சாப்பாட்டில் என்ன குழம்பு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜூன் 8, சனி

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். 1994 ஆவணி. பிள்ளை இல்லை.

என் அம்மா 2009-இல் போய்ச் சேரும்வரை இதே வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வடிவு சோறு ஊட்டினால், “மலடி கையால எதுக்குட்டி ஊட்டணும்?” என்பாள். சீமந்த வீடுகளுக்குப் போகும்போது வடிவை வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவாள். கடைசி இரண்டு வருஷம் அம்மா படுக்கையில் கிடந்தபோது கால் பிடித்துவிட்டது, குளிப்பாட்டியது எல்லாம் வடிவுதான்.

1999-இல் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டாக்டரம்மாவிடம் வடிவு மூன்று மாதம் போய்வந்தாள். டாக்டரம்மா என்னையும் ஒரு தடவை பரிசோதனைக்கு வரச் சொன்னதாகச் சொன்னாள். அந்தச் சமயம் எனக்கு வேலை இருந்தது. பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

இதையெல்லாம் இன்று ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மிக்ஸி ஜார் பிளேடு மாற்றினேன்.

ஜூன் 10, திங்கள்

எங்கள் அகராதியின் பதிப்பாசிரியர் தேவசகாயம் போன் செய்தார். புதிய பதிப்பில் பக்கம் குறைக்க வேண்டுமாம்.

“சார், இஷ்யூல ஆறாவது அர்த்தத்த எடுத்திரலாமா? சந்ததின்னு போட்டிருக்கீங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அது எங்க வரப்போவுது?”

“எடுத்திருங்க” என்றேன்.

“நீங்க சண்டை போடுவீங்கன்னு நெனச்சேன்.”

“எடுத்திருங்க சார். தேவையில்ல.”

போனை வைத்தபிறகு வெகுநேரம் நாற்காலியிலேயே இருந்தேன். சமையல்கட்டில் வடிவு அரிசி களைகிற சத்தம். ஒன்பது நாளாக அவளோடு நான் பேசியது, தண்ணீர் வந்துதா, மாத்திரை எங்கே, கதவைச் சாத்து. அவ்வளவுதான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஜூன் 12, புதன்

கேட்டுவிட்டேன்.

காலை பதினொரு மணி இருக்கும். வடிவு கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். இருமினேன். அகராதிக்காரன், ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

“தொண்ணூத்தொண்ணுல ஹாஸ்டல்ல என்ன நடந்துச்சு?”

அவள் கை நிற்கவில்லை. ஒரு இணுக்கு முழுவதையும் உருவிப் போட்டுவிட்டு, “அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரியும்” என்றாள். “எப்ப கேப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

பிறகு குரலை உயர்த்தாமல், கீரையைப் பார்த்தபடியே சொன்னாள். “டைப் அடிக்கப் போன இடத்துல பழக்கம். கல்யாணம் கட்டிக்கிடுதேன்னு சொன்னான். துபாய் போனான். ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்புறம் வரலை. எனக்கு நாள் தள்ளிப் போச்சு. அப்பா வந்து ஒரு வார்த்தை திட்டலை. கூட்டிட்டுப் போயி கொடைரோட்டுல அந்த சிஸ்டர்மாருக கிட்ட விட்டாரு. அம்மைட்டகூட நான் ஹாஸ்டல்ல இருக்கேன்னுதான் சொன்னாரு.”

“அப்புறம்?”

“பொட்டப்புள்ள. அழுத சத்தம் கேட்டேன். கேட்டேன்னுதான் நெனைக்கேன். மயக்கத்துல இருந்தேன். மறுநாள் அப்பா வந்து கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, இல்லாமப் போச்சும்மான்னாரு. நான் காட்டுங்கன்னேன். காட்டலை.”

ஜெராக்ஸ் என் மடியில் இருந்தது. நல்லவர் கைகளில். என் வீட்டு வாசலுக்கு வந்தால். இவளுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை இருப்பது இவளுக்குத் தெரியாது.

அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு. “எங்கிட்ட ஏன் சொல்லலை? முப்பது வருஷம்.”

முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“கல்யாணத்துக்கு முந்தி சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. பெறவு நானே சொல்லணும்னு இருந்தேன். உங்கம்மா மலடின்னு சொல்லும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். முழுங்கிருவேன்.”

“ஏன்?”

“எனக்கு ஒண்ணு பொறந்திருக்குன்னு தெரிஞ்சா, ஊரு அடுத்து யாரப் பாக்கும்?”

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 13, வியாழன்

நேற்று எழுதியதைத் திரும்பப் படிக்க முயன்றேன். கடைசி வரிக்கு மேல் போக முடியவில்லை.

ஜூன் 15, சனி

மச்சான் போன் செய்து, தமிழில் எழுதியாகிவிட்டதா என்று கேட்டார். ஏழாவது பத்தி மட்டும் பாக்கி என்றேன். “அதுல என்ன இருக்கு மாப்ளே, ரெண்டு வரி” என்றார்.

தேவசகாயத்துக்கு நானே போன் செய்தேன். “அந்த ஆறாவது பொருள் இருக்கட்டும் சார்.”

“நீங்கதான எடுக்கச் சொன்னீங்க?”

“தப்பாச் சொல்லிட்டேன். பழைய உயில், பத்திரம் எல்லாத்துலயும் அந்தச் சொல் இருக்கு. படிக்கிறவன் பிரச்சினைன்னு நெனச்சிட்டுப் போயிருவான்.”

“போனாப் போவுது, கடைசில வர்ற பின்னிணைப்புல நாலு வரி குறைச்சிடுங்க” என்றார்.

வடிவிடம் இன்னும் சொல்லவில்லை. பிள்ளை இப்போது உயிரோடு இருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. முப்பத்திமூன்று வருஷம். இருக்கிறது என்று சொல்லி, போய்ப் பார்த்து, இல்லை என்றானால் இரண்டாவது தடவையும் இவளுக்கு அதே சாவு. முதலில் நான் தனியாகப் போய் விசாரித்துவிட்டு வந்து சொல்லலாம். வடிவுக்கு ரத்தக்கொதிப்பு வேறு. எல்லாம் சரியான காரணங்கள்தான். எழுதிப் பார்க்கும்போது ஒன்றும் நிற்கவில்லை.

சிலிண்டர் வந்தது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. பின்தெருவிலிருந்து காசிம் வீட்டு அம்மா எங்களுக்கென்று தனியாகச் செய்த பாயசம் கொடுத்துவிட்டிருந்தார்கள். வடிவு அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அப்போது சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. கிண்ணத்தை வைத்த கையைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“வடிவு, உக்காரு. உயில்ல ஒரு வரிய நான் அன்னைக்குப் படிக்கலை.”

ஏழாவது பத்தியை முழுசாகத் தமிழில் சொன்னேன். அந்தச் சொல் வந்த இரண்டு இடத்திலும் ‘பிள்ளை’ என்று சொன்னேன். என் மகள் சங்கரவடிவின் பிள்ளை, நல்லவர் கைகளில். மேற்படி பிள்ளை என் வீட்டு வாசலுக்கு வந்தால்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உதடு மட்டும் இரண்டு மூன்று தடவை அசைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னேன்.

“உசுரோட இருக்கான்னு எழுதியிருக்கா?”

“அப்படி எழுதலை. ஆனா வாசலுக்கு வந்தா அன்பா நடத்தணும்னு எழுதியிருக்காரு. இந்த உயில் எழுதி ரெண்டு வருஷந்தான் ஆச்சு.”

“அந்த சத்தம்” என்றாள். “அப்ப அந்த அழுக சத்தம் நெசந்தான்.” மயக்கத்தில் கேட்டதாக நினைத்துக்கொண்ட சத்தத்தை முப்பத்திமூன்று வருஷமாகச் சந்தேகப்பட்டிருக்கிறாள். புத்தி பிசகிவிட்டதோ என்றுகூடப் பயந்திருக்கிறாள். இன்றுதான் சொல்கிறாள்.

பிறகு அவள் குரல் மாறியது.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

நான் பாயசக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

“தென்காசியிலயே தெரியும். அப்படித்தான?”

“எனக்கு நிச்சயமாத் தெரியலை...”

“புதன்கிழமை நான் கீரை உருவிக்கிட்டே, செத்துப்போச்சுன்னு உங்ககிட்ட சொன்னேனே. அப்ப தெரியும்லா?”

“தெரியும்.”

“எங்கப்பா முப்பத்திமூணு வருஷம் மறைச்சாரு. நீங்க பதினஞ்சு நாள்.” எழுந்து நின்றாள். “ரெண்டு பேரும் என் நல்லதுக்குன்னுதான் சொல்லுவீங்க.”

அலமாரியைத் திறந்து ஒரு பையில் இரண்டு சேலை, மாத்திரை டப்பா, ஆதார் அட்டை எடுத்து வைத்தாள். நாளை காலை முதல் பஸ்ஸில் கொடைரோடு போகிறாளாம். நானும் வருகிறேன் என்றேன். வராதீங்க என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

பாயசம் கிண்ணத்திலேயே ஆடை கட்டிக் கிடக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

மதுரை போய் மாறி, கொடைரோட்டில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. பஸ்ஸில் அவள் மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்து நடுவில் பையை வைத்துக்கொண்டாள். கோவில்பட்டி தாண்டியபிறகு நான் பையைத் தாண்டிக் குனிந்து, என்னால் அதுவரை சொல்ல முடியாத ஒன்றைச் சொன்னேன்.

“அந்த டாக்டரம்மா என்னையும் வரச் சொன்னாங்களே. நான் வேணும்னுதான் போகலை.”

“தெரியும்” என்றாள்.

“பயந்துட்டேன்.”

“அதுவும் தெரியும். அந்தம்மா பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டாங்க, எனக்கு முன்னமே ஒண்ணு பொறந்திருக்குன்னு. யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு கையப் பிடிச்சேன். அப்ப உன் வீட்டுக்காரரத்தான் பாக்கணும், கூட்டிட்டு வான்னாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நீங்க வரலை. நானும் வற்புறுத்தலை.”

விருதுநகர் வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இருபத்தைந்து வருஷம். என் அம்மா இருந்த கூடத்தில், என் அம்மாவின் காலடியில், இதைத் தெரிந்துகொண்டே இவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

கன்னியர் இல்லம் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். இப்போது அங்கே முதியோர்தான் இருக்கிறார்கள். நுழைந்ததும் வடிவு நடை தளர்ந்து, வேப்பமரத்தடியில் ஒரு நிமிஷம் நின்றாள். “இந்தக் கெணறு இப்ப மூடியிருக்கு. அப்ப தெறந்திருந்துச்சு” என்றாள்.

அந்தக் காலத்திலிருந்தே அங்கே இருக்கும் லூர்து சிஸ்டருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். சக்கர நாற்காலி. காதுக்குப் பக்கத்தில் போய்ப் பேச வேண்டும். வடிவு மண்டியிட்டு, “சிஸ்டர், நான் தென்காசி சிரஸ்தார் மக” என்றாள். அந்த அம்மாள் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அசையாமல் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“என்னை மன்னிச்சிரு தாயி. உங்கப்பா கால்ல விழாத குறையா கேட்டாரு. உனக்கு வயசு பத்தொம்பது. செத்துப்போச்சுன்னு சொன்னாத்தான் மறந்து வாழுவான்னாரு. நான் பொய் சொல்லமாட்டேன், நீரே சொல்லிக்கிடும்னு சொன்னேன். நானும் நெசத்தச் சொல்லாம இருந்தேன். அதுவும் பொய்தான.”

“இருக்காளா சிஸ்டர்?”

“இருக்கா.”

வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அவளே அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் சொன்னது: வத்தலக்குண்டில் தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவரும் அவர் மனைவியும் வளர்த்தார்கள். அமலி என்று பெயர். நர்ஸிங் படித்தாள். கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன், வளர்த்த தகப்பன் இறந்தபிறகு, தாயைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, பெற்றவள் யாரென்று கேட்டிருக்கிறாள். சிஸ்டர் பெயர் சொல்லவில்லை. மாமாவுக்குக் கடிதம் எழுதினார். மாமா வந்தார். மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். “எனக்கு எம்மவ மொகத்தப் பாத்துச் சொல்ல தைரியம் இல்ல சிஸ்டர். செத்தபெறகு சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சொல்லவும் சொன்னார். அவர் பாணியில், வேறு யாருக்கும் புரியாத மாதிரி, என் தலையில் வைத்துவிட்டு.

அமலி விட்டுப்போன சீட்டு சிஸ்டரின் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. ஒரு போன் நம்பர். அதன் கீழே, “அவங்களே வந்து கேட்டால் மட்டும் கொடுங்கள். தொந்தரவு செய்யமாட்டேன்” என்று எழுதியிருந்தது. வடிவு அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 19, புதன்

போன் செய்யவில்லை. அவள் செய்யட்டும். நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

ஜூன் 20, வியாழன்

மச்சானுக்கு அனுப்ப வேண்டிய தமிழ்ப் பிரதியை எழுதி முடித்து, ஏழாவது பத்தியை வடிவிடம் காட்டினேன். பிள்ளை என்று எழுதியிருந்தேன். இரண்டு தடவை படித்தாள். “இதுக்கு முந்தி அண்ணன்ட்ட நானே சொல்லிருதேன்” என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“என்ன சொன்னாரு?”

“பேச்சே வரலை. நீ அங்க கெடக்கும்போது நான் பம்பாய்ல கூத்தடிச்சுக்கிட்டு இருந்திருக்கேனேன்னு அழுதான். அவன் அழுது நான் கேட்டதே இல்ல.”

பிரதியைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

அந்த டாக்டரம்மா இப்போது இல்லை. அவர் மகன் பார்க்கிறார். திங்கள் காலைக்கு என் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் எதற்கு என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்கவில்லை. வடிவும், “எதுக்கு இப்பப் போயி?” என்றாள். போகணும் என்றேன். சரி என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

காலை பத்து மணி. வடிவு குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். போனில்தானே பேசப்போகிறாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நம்பரை அவளே ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள்.

நாலு தடவை மணி அடித்தபிறகு எடுத்தார்கள்.

“ஹலோ?”

வடிவு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

“ஹலோ, யாருங்க?”

போனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கி, “கொடைரோடு லூர்து சிஸ்டர் இந்த நம்பரக் குடுத்தாங்கம்மா” என்றேன்.

அந்தப் பக்கம் எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை. பிறகு அந்தக் குரல், எங்களிடம் இல்லை, வீட்டுக்குள்ளே யாரையோ பார்த்துக் கத்தியது.

“அம்மா! அடுப்ப அணைச்சிட்டு ஓடி வாங்க. அவங்க பேசுறாங்க!”

அவங்க. அந்த வீட்டில் வடிவுக்கு இத்தனை காலம் அதுதான் பெயர்.

செருப்புச் சத்தம். மூச்சிரைப்பு. வயதான ஒரு பெண்ணின் குரல்.

“அக்கா... இருக்கீங்களா அக்கா?”

வடிவு என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். “இருக்கேன்” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

“சுகமா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா? நான் என்ன பேசுறேன்னே எனக்குத் தெரியலக்கா. முப்பத்திமூணு வருஷமா தெனமும் ராத்திரி ஜெபத்துல உங்களச் சொல்லாம நாங்க படுக்கிறதில்ல. பேரு தெரியாது. இவளப் பெத்தவங்கன்னுதான் சொல்லுவோம்.” அந்தக் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கேட்டது. “உங்க பேரு என்னக்கா?”

வடிவு என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டுமா என்பதுபோல் வாயெடுத்தேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். போனை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“சங்கரவடிவு” என்றாள்.

அந்த அம்மாள் மெதுவாக, எழுத்துக்கூட்டுகிற மாதிரி, அதைத் திருப்பிச் சொன்னார். சங்கரவடிவு. பின்னாலேயே, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, இன்னொரு குரலும் சொல்லிப் பார்த்தது.